கேமராவுடன் வெளிநாடு செல்வோர் பெறவேண்டிய சுங்கச் சான்றிதழ்

இந்தியாவிலிருந்து விலையுயர்ந்த கேமரா, லென்ஸ், டிரோன் போன்றவற்றை எடுத்துச் சென்று திரும்பக் கொண்டுவருபவர்கள், புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொள்வது நல்லது. அது இல்லையெனில், திரும்பும்போது அப்பொருள் வெளிநாட்டில் வாங்கப்பட்டதன்று என்று நிரூபிக்கும் பொறுப்பு பயணியிடமே வந்து சேரும். பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒரு மடிக்கணினியைத் தீர்வையின்றி, அதாவது சுங்க வரியின்றி, கொண்டுவரலாம். கேமராவுக்கு அப்படித் தனிச் சலுகை இல்லை.

வீட்டிலேயே ஒவ்வொரு கருவியின் தயாரிப்பு நிறுவனம், மாதிரி, வரிசை எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி, வாங்கிய ரசீதின் நகலையும் இணைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண்ணே இதில் உயிர்நாடி: அதிகாரி கருவியில் பொறித்த எண்ணைச் சான்றிதழில் உள்ளதோடு ஒப்பிட்டே முடிவெடுப்பார் என்பதால், ஓர் எழுத்து மாறினாலும் சிக்கல்தான். லென்ஸ்களுக்கும் தனித்தனி எண் உண்டு. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அதிகாரி பொருளை நேரில் பார்க்கவேண்டும். ஆகவே பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்குமுன், கடவுச்சீட்டு, பயணச்சீட்டுடன் சுங்க முகப்பை அணுகுங்கள். இதற்கென்று கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

திரும்பும்போது வெளிநாட்டில் புதிதாக வாங்கியவற்றின் மதிப்பு தீர்வையற்ற வரம்பைத் தாண்டினால், 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி அவற்றை அறிவித்து, தீர்வைக்குரிய பொருள் வைத்திருப்போருக்கான சிவப்பு வழியில் செல்லவேண்டும். பழைய கருவிகளுக்கான சான்றிதழின் மூலப்படியைக் கைப்பையில் வைத்திருங்கள்.