கண்மாய் வேலையைப் போன் கேமராவில் படம்பிடிப்பது எப்படி

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐம்பது அறுபது பேர் கண்மாய்க் கரையில் கூடுகிறார்கள். சீமைக் கருவேலம் வெட்டுகிறார்கள், மடைவாயில் அடைத்துக் கிடக்கும் பிளாஸ்டிக்கை அள்ளுகிறார்கள், கரையோரம் பனை விதை ஊன்றுகிறார்கள். சாயங்காலம் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏறுவது பேனரைப் பிடித்து நிற்கும் ஒரே ஒரு குரூப் போட்டோ. அதைப் பார்ப்பவருக்கு அங்கே என்ன வேலை நடந்தது என்று தெரியாது. அடுத்த வாரம் நாமும் போகலாம் என்று தோன்றவும் தோன்றாது. படம் வேலையைக் காட்ட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான். நல்ல கேமரா தேவையில்லை. இரண்டு பேர், இரண்டு போன், ஒரு பவர் பேங்க் போதும்.

முந்தின நாளே இடம் பார்க்க வேண்டும்

முன்–பின் படத்துக்கு இருக்கும் மதிப்பு வேறெந்தப் படத்துக்கும் கிடையாது. பெரும்பாலும் சொதப்புவதும் அதுதான். காரணம், காலையில் ஒரு இடத்தில் நின்று எடுத்துவிட்டு, முடிந்ததும் பத்தடி தள்ளி நின்று எடுப்பது. இடம் ஒன்றுதான் என்று பார்ப்பவருக்குப் புரியாது.

அசையாத அடையாளம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மடைத்தூண், கலுங்குச் சுவர், ஒற்றைப் பனை, கரை மேலிருக்கும் கோயில். வெட்டப்போகும் மரத்தை அடையாளமாக வைத்துவிடாதீர்கள். நிற்கும் இடத்தில் ஒரு கல்லைப் புதைத்து வையுங்கள், அல்லது சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். போனை நெஞ்சு உயரத்தில் பிடித்து, ஜூம் இல்லாமல் 1x லென்ஸில், ஒன்று படுக்கையாக, ஒன்று நெட்டையாக எடுங்கள். அகல லென்ஸ் (0.5x) வேண்டாம்; அதில் கரை வளைந்து தெரியும், குப்பை மேடும் சிறுத்துப் போகும்.

வேலை முடிந்ததும் அதே கல்லில் நின்று, காலைப் படத்தை இன்னொரு போனில் திறந்து வைத்துக்கொண்டு, மடைத்தூணின் தலையும் பனையின் அடியும் கட்டத்தின் அதே இடத்தில் விழும்படி பொருத்துங்கள். கேமரா அமைப்பில் ‘கிரிட்’ கோடுகளைப் போட்டிருந்தால் இது ஒரு நிமிட வேலை.

வெயிலும் கவனிக்க வேண்டியது. காலை 6:45க்கு எடுத்த படமும் 11 மணிக்கு எடுத்த படமும் நிழல் மாறி, வேறு வேறு ஊர் போலத் தெரியும். அதனால் ‘முன்’ படத்தை இரண்டு வேளையில் எடுத்து வையுங்கள்: முந்தின நாள் 11 மணிக்கு ஒன்று, வேலை நாள் விடியலில் ஒன்று. எது பொருந்துகிறதோ அதைப் போடலாம்.

பனை விதை நடவு என்றால் இதில் ஒரு சிக்கல் உண்டு. விதை ஊன்றிய இடம் முடிந்த பிறகும் வெறும் மண்ணாகத்தான் இருக்கும். பனை முதலில் மண்ணுக்குள்தான் இறங்கும். வெளியே ஓலை தலைகாட்டப் பல மாதம் ஆகும். ஆகவே அங்கே முன்–பின் படம் எடுபடாது. குழி, கையில் விதை, மண் மூடும் கை, கரை நெடுக வரிசையாகக் குத்தி வைத்த குச்சிகள் என்று எடுங்கள். அந்தக் குச்சி வரிசைதான் எத்தனை விதை என்பதைக் கண்ணுக்குக் காட்டும்.

போனில் மாற்ற வேண்டியவை

லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். தலையில் தடவிய எண்ணெய், வேர்வை, கரை மண் மூன்றும் சேர்ந்துதான் பாதிப் படங்கள் புகை மூட்டமாக வருகின்றன. மணிக்கு ஒரு தரம் துடைக்க வேண்டும்.

‘பியூட்டி’ வசதியை முழுவதும் அணையுங்கள். வெயிலில் உழைக்கிற முகத்தை மாவு பூசியது போல வெளுக்க வைத்தால், வேர்வையும் மண்ணும் படத்திலிருந்து போய்விடும். செல்ஃபி கேமராவில் ‘மிரர்’ அமைப்பையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பேனரில் இருக்கும் எழுத்து கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி வரும்.

வீடியோ 1080p, நொடிக்கு 30 பிரேம். 4கே வேண்டாம், அது நினைவகத்தைப் பல மடங்கு தின்னும், போனைச் சூடாக்கும், முகநூலில் ஏற்றும்போது எப்படியும் சுருங்கிவிடும். மண்வெட்டி விழுவது, தண்ணீர் பாய்வது மாதிரியான இரண்டு மூன்று காட்சிக்கு மட்டும் 60 பிரேமில் எடுத்தால் பாதி வேகத்தில் ஓட்டலாம். குறைந்தது 10 ஜிபி காலியாக இருக்கட்டும். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுபடாது.

மதுரை வெயிலில் போன் சூடேறி கேமரா தானாக நின்றுபோவது சாதாரணம். கவரைக் கழற்றுங்கள், பதிவு செய்துகொண்டே சார்ஜ் போடாதீர்கள், எடுக்காத நேரத்தில் துண்டில் சுற்றி நிழலில் வையுங்கள். சூடான போனை ஐஸ் பெட்டியிலோ தண்ணீர் கேனின் மேலோ வைக்கக்கூடாது. உள்ளே ஈரம் கோத்துவிடும்.

முகம் கறுத்துப் போவதற்குக் காரணம்

கரை மேல் நிற்பவரைக் கீழிருந்து எடுத்தால் பின்னால் முழுக்க வானம். போன் அந்த வெளிச்சத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளும். மாநிற முகம் கரிக்கோடாகிவிடும். திரையில் முகத்தின் மீது விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் போகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுத்து முகம் தெளியும்வரை கூட்டுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். முடிந்தால் நீங்கள் கரை மேல் ஏறி, மண்ணும் புல்லும் பின்னணியாக வரும்படி எடுங்கள்; அது இன்னும் நல்லது.

காலை 9 மணிக்குள் முக்கியமான முகப் படங்களை முடித்துவிட வேண்டும். அதற்கப்புறம் தொப்பியும் தலைத்துண்டும் கண்ணை இருட்டாக்கும். உச்சி வெயிலில் கைகள், கருவிகள், சாக்கு மூட்டைகள் எடுங்கள். அவற்றுக்குக் கடும் வெயில் கெடுதல் இல்லை.

என்ன எடுப்பது

ஒவ்வொரு வேலைக்கும் மூன்று தூரம். கரை முழுக்கத் தெரியும் தூரப் படம். இருவர் மூவர் சேர்ந்து வேலை செய்வது இடுப்பளவில். கையும் பொருளும் மட்டும் அருகே. இந்த மூன்றும் இருந்தால் ஒரு ரீல் தானாகக் கோத்து வந்துவிடும். கிட்டத்தில் வேண்டுமானால் ஜூமை இழுக்காமல் நடந்து போங்கள்.

வீடியோவில் புதியவர்கள் செய்வது ஒன்றுதான்: பதிவை அழுத்திவிட்டு, நீர் பாய்ச்சுவது போலப் போனை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இரண்டு நிமிடம் நடப்பது. அதில் ஒரு நொடிகூடப் பயன்படாது. இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி, ஒரே இடத்தில் நின்று, 8 முதல் 10 நொடி அசையாமல் பிடியுங்கள். நிறுத்துங்கள். அடுத்த இடம். காலை முழுக்க இப்படி நாற்பது துண்டு இருந்தால் ஒரு நிமிட வீடியோவுக்குத் தாராளம்.

வீடியோ நெட்டையாக இருக்கட்டும். திரையின் அடியில் ஐந்தில் ஒரு பங்கும் வலது ஓரமும் எழுத்தாலும் பொத்தான்களாலும் மறையும். முக்கியமானதை நடுவிலிருந்து சற்று மேலே வையுங்கள். போட்டோவில் மட்டும் நான்கைந்து படுக்கையாக எடுத்து வையுங்கள். நாளிதழ் நிருபர் கேட்டாலோ, ஊராட்சிக்கு அறிக்கை கொடுத்தாலோ அதுதான் வேண்டும்.

குரூப் போட்டோவை முடிவில் வைக்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்களும் வெளியூர்க்காரர்களும் முன்னதாகக் கிளம்பிவிடுவார்கள். டீயும் வடையும் வரும் இடைவேளையில்தான் எல்லோரும் ஒரு இடத்தில் சேருவார்கள், அப்போது எடுங்கள். வெயில் பக்கவாட்டில் விழ நிறுத்துங்கள். நேரே முகத்தில் அடித்தால் எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள். பேனர் இடுப்புக்குக் கீழே. ஃப்ளெக்ஸ் வெயிலில் பளபளத்தால் மேல் விளிம்பைச் சற்று முன்னால் சாய்க்கச் சொல்லுங்கள்.

படத்துக்காகக் கையுறையைக் கழற்றச் சொல்வது, முடித்த வேலையை மறுபடி செய்யச் சொல்வது இரண்டும் வேண்டாம். கருவேல முள் செருப்பைத் துளைக்கும், சேற்றுக்குள் பாட்டில் சில்லு கிடக்கும். படம் எடுப்பவரும் ஷூ போட வேண்டும், திரையைப் பார்த்தபடி பின்னால் நடக்கக் கூடாது. ஜேசிபி ஓடினால் அதன் கை வீசும் வட்டத்துக்கு வெளியே, ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள்.

ட்ரோன் வைத்திருப்பவர் யாராவது வந்தால், பறக்கவிடும் முன், எங்கே அனுமதி தேவை என்பதை நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பார்க்கச் சொல்லுங்கள். அவனியாபுரம், பெருங்குடிப் பக்கத்துக் கண்மாய்கள் மதுரை விமான நிலையத்தை ஒட்டியவை. அனுமதி இல்லாமல் அங்கே ஏற்றவே கூடாது.

சத்தம்

படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். கரையில் காற்று எப்போதும் இருக்கும். சட்டையில் குத்தும் சின்ன மைக், பஞ்சுறையோடு வாங்குங்கள். மைக் இல்லையென்றால் இரண்டாவது போனில் ஒலிப்பதிவைப் போட்டு, பேசுபவரின் சட்டைப் பையில் வையுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடினால் பேசும் நேரத்துக்கு நிறுத்தச் சொல்ல வேண்டும். பின்னால் பாட்டு கேட்டால் உரிமைப் பிரச்சினையில் வீடியோவின் ஒலியையே அடைத்துவிடுவார்கள்.

கேள்வியை “நல்லா இருந்துச்சா அண்ணே?” என்று கேட்டால் “ஆமா” என்று முடிந்துவிடும். “இந்தக் கண்மாய்ல முன்னெல்லாம் தண்ணி எதுவரைக்கும் நிக்கும்?” என்று ஊர்ப் பெரியவரிடம் கேளுங்கள். அவர் கையை நீட்டிக் காட்டிப் பேச ஆரம்பிப்பார். தொண்டர்கள் பத்துப் பேர் பேசுவதைவிட அது கனமானது. கடைசியில் யாரும் பேசாமல் மண்வெட்டிச் சத்தம், பறவைச் சத்தம் 30 நொடி பதிந்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அதுதான் கைகொடுக்கும்.

கேட்டு எடுக்க வேண்டும்

தொடக்கத்தில் எல்லோரும் நிற்கும்போதே சத்தமாகச் சொல்லுங்கள்: “இன்னைக்கு போட்டோ, வீடியோ எடுக்கிறோம், பேஸ்புக்ல போடுவோம். வேணாம்கிறவங்க இந்தப் பச்சை ரிப்பனைக் கையில கட்டிக்கங்க.” ஆளைச் சங்கடப்படுத்தாத வழி இது. ஆடு மேய்க்க வந்தவர், மீன் பிடிப்பவர், துணி துவைப்பவர் கூட்டத்துச் சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். பக்கத்தில் போய், “அக்கா, உங்களையும் சேத்து ஒரு போட்டோ எடுத்துக்கிடவா?” என்று கேட்டு, எடுத்ததைக் காட்டுங்கள்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பள்ளியிலிருந்து வந்தால் பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். பள்ளிப் பெயர் பொறித்த சீருடையும் பிள்ளையின் பெயரும் ஒரே பதிவில் வரக்கூடாது. குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகள் வந்தால் முகமே கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டுவது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவின்படி குற்றம்.

அன்று சாயங்காலம்

மற்றவர்களிடமிருந்து படம் கேட்கும்போது வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் தரம் தேய்ந்து வரும். ஆளுக்கு ஐந்து படம் என்று வரம்பு வைத்தால் அவர்களே நல்லதைப் பொறுக்கித் தருவார்கள்.

பதிவுக்கு எட்டுப் படம் போதும். முதல் படம் வேலை, இரண்டாவது முன்–பின், குரூப் போட்டோ கடைசி. வீடியோவில் முதல் மூன்று நொடியில் மண்வெட்டி விழ வேண்டும். லோகோவும் வரவேற்பும் அங்கே வேண்டாம். எழுத்துச் சேர்க்கும் செயலி சிலவற்றில் தமிழ்க் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். ஏற்றும் முன் ‘கொ’, ‘மே’, ‘பை’ மூன்றையும் அடித்துப் பாருங்கள். தானாக வரும் தமிழ் வசன எழுத்தை நம்பாதீர்கள். மதுரைப் பேச்சை அது கண்டபடி எழுதும். கையால் திருத்துங்கள்.

விவரத்தில் கண்மாயின் பெயர், ஊர், ஒன்றியம், தேதி, என்ன செய்தோம் என்பதை எழுதுங்கள். ‘டன் கணக்கில் குப்பை’ என்று எழுதுவதைவிட, எடை போடவில்லை என்றால் சாக்கு எண்ணிக்கையைப் போடுங்கள். வெட்டாமல் விட்டுவைத்த பகுதி இருந்தால் அதையும், அடுத்து எந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு, எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும் என்பதையும் சேருங்கள். யாராவது தன் படத்தை எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் அன்றே நீக்குங்கள். அதற்காக அசல் படங்களை ஊர்ப்பெயரும் தேதியும் இட்ட ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தால் தேட வேண்டியிருக்காது.