பிரிட்டனில் உங்கள் கரண்ட் பில்லில் பசுமை மின்சாரத்துக்கு எவ்வளவு போகிறது? நீங்களே கணக்குப் போடலாம்

வீட்டு கரண்ட் பில்லில் காற்றாலைக்கு இவ்வளவு, சோலாருக்கு இவ்வளவு என்று தனி வரி இருக்காது. எல்லாவற்றையும் யூனிட் விலைக்குள்ளேயே சேர்த்துவிடுகிறார்கள். அதனால்தான் டிவியில் ஒருவர் ஒரு தொகை சொல்கிறார், அடுத்தவர் அதைப்போல இரண்டு மடங்கு சொல்கிறார், கேட்கிற நமக்கு எது சரி என்று தெரிவதில்லை. ஆனால் பெரிய பங்கு எவ்வளவு என்பதை போன் கால்குலேட்டரிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பில்லை எடுங்கள். மொத்தத் தொகையை விட்டுவிட்டு, வருஷத்துக்கு எத்தனை யூனிட் (kWh) மின்சாரம் என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். கேஸ் யூனிட்டை இதில் சேர்க்காதீர்கள். கேஸ் பக்கம் கிரீன் கேஸ் லெவி என்று ஒரு வரி இருந்தாலும் அது மிகச் சிறிய தொகை, இந்தச் சுமை கிட்டத்தட்ட முழுவதும் மின்சாரத்தின் மேல்தான். பில்லில் எஸ்டிமேட்டட், அதாவது உத்தேசக் கணக்கு, என்று இருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள், மீட்டரைப் பார்த்து சரியான ரீடிங்கை அனுப்பிவிட்டு அப்புறம் கணக்குப் போடுங்கள்.

பெரிய பங்கு ரினியூவபிள்ஸ் ஆப்ளிகேஷன் என்ற திட்டத்துக்குப் போகிறது. 2002-ல் தொடங்கியது. மின்சாரம் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தான் விற்கும் அளவுக்கு ஏற்ப, காற்றாலை, சோலார் போன்றவற்றுக்கு வழங்கப்படும் சான்றிதழ்களை வாங்கிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கான பணத்தைக் கட்ட வேண்டும். எந்த வழியில் போனாலும் செலவு நம் தலையில்தான் விழும். 2025-26-க்கு, 1,000 யூனிட்டுக்கு 0.493 சான்றிதழ் என்று அரசு நிர்ணயித்தது, ஒரு சான்றிதழுக்குப் பதிலாகக் கட்ட வேண்டிய தொகை 67.06 பவுண்டு. இரண்டையும் பெருக்கினால் 1,000 யூனிட்டுக்கு 33.06 பவுண்டு, அதாவது யூனிட்டுக்கு சுமார் 3.3 பென்ஸ். இதன் மேல் 5 சதவீத வாட் (VAT) வரி வேறு.

மின்சார, கேஸ் நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஜெம், 2025-26-ல் சராசரி வீட்டுக்கு எடுத்துக்கொண்டது வருஷத்துக்கு 2,700 யூனிட். அதற்கு வாட்டோடு கிட்டத்தட்ட 94 பவுண்டு. கேஸ் இணைப்பே இல்லாத ஃபிளாட்டில் மின்சாரத்தில் ஓடும் ஸ்டோரேஜ் ஹீட்டர் வைத்து 8,000 யூனிட் ஓடுகிற குடும்பத்துக்கு அதே கணக்கில் 278 பவுண்டு. கேஸ் பாய்லர் இருக்கிற பெரிய வீட்டுக்காரர் குளிர்காலம் முழுக்க வீட்டைச் சூடாக வைத்தாலும் அந்தச் சூட்டுக்கு இந்தப் பணத்தைக் கட்டுவதில்லை, வாடகை ஃபிளாட்டில் இருப்பவர் கட்டுகிறார். காற்றாலையும் சோலாரும் வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன், ஆனால் அதற்கான பணத்தை இப்படி வசூலிப்பது அநியாயம்.

2025 நவம்பர் பட்ஜெட்டில் இதை ஓரளவு சரிசெய்தார்கள். 2026 ஏப்ரல் முதல் மூன்று வருஷத்துக்கு, வீடுகளின் பங்கில் 75 சதவீதத்தை அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். ஆகவே அதற்குப் பிந்தைய பில்லுக்கு, வந்த விடையில் கால் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் மறைந்துவிடவில்லை, வரிப்பணத்திலிருந்து போகிறது. மேலே சொன்ன இரண்டு எண்களும் வருஷா வருஷம் மாறும். சான்றிதழ் அளவை அரசும், அதற்கான தொகையை ஆஃப்ஜெமும் வெளியிடும், புதிய எண்களைப் போட்டுப் பெருக்குங்கள்.

அடுத்தது ஃபீட்-இன் டாரிஃப். 2010 ஏப்ரலில் தொடங்கியபோது, ஏற்கெனவே கட்டியிருந்த வீட்டின் கூரையில் சின்ன சோலார் வைத்தவருக்கு அது தயாரித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 41.3 பென்ஸ் கொடுத்தார்கள், அதுவும் 25 வருஷத்துக்கு, விலைவாசியோடு கூடிக்கொண்டே. 2019 மார்ச்சோடு புதியவர்களுக்குக் கதவை மூடிவிட்டார்கள், ஆனால் பழைய ஒப்பந்தங்கள் 2030-களிலும் ஓடும். இதற்கு யூனிட்டுக்கு ஒரு பென்னிக்கும் குறைவாகத்தான் போகிறது. இருந்தாலும் சொந்தக் கூரை இல்லாதவரும் அதைக் கட்டுகிறார்.

மூன்றாவது கான்ட்ராக்ட் ஃபார் டிஃபரன்ஸ். புதிய கடல் காற்றாலைகள் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன. ஒரு விலையை முன்கூட்டியே பேசி முடித்துவிடுவார்கள். சந்தை விலை அதற்குக் கீழே போனால் நாம் ஈடுகட்டுகிறோம், மேலே போனால் காற்றாலைக்காரர் திருப்பிக் கட்ட வேண்டும். 2022-ல் கேஸ் விலை எகிறியபோது அப்படிப் பணம் திரும்பி வரவும் செய்தது. அதனால் இதற்கு நிலையான எண் கிடையாது, காலாண்டுக்கு ஒருமுறை மாறும். யாராவது இதற்கு ஒரே தொகையை அடித்துச் சொன்னால், எந்தக் காலாண்டுக் கணக்கு என்று கேளுங்கள்.

கிரீன் டாரிஃபுக்கு, அதாவது பசுமை மின்சாரம் என்று விற்கப்படும் விலைத் திட்டத்துக்கு, மாறினால் இதெல்லாம் போய்விடுமா என்று பலர் கேட்கிறார்கள். போகாது. எந்த டாரிஃபில் இருந்தாலும் இந்தச் செலவு உண்டு.

கடை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த 75 சதவீத நிவாரணம் வீடுகளுக்கு மட்டும்தான். ஃப்ரிட்ஜும் ஃப்ரீசரும் இரவு பகலாக ஓடுகிற மூலைக்கடை வருஷத்துக்கு 30,000 யூனிட் எடுத்தால், 2025-26 கணக்கில் முதல் திட்டத்துக்கே 992 பவுண்டு, வாட் தனி. கிளைமேட் சேஞ்ச் லெவி என்று கடை பில்லில் தனி வரி ஒன்று இருக்கும், அது வீடுகளுக்கு இல்லாத வரி. நாளுக்குச் சராசரியாக 33 யூனிட்டுக்கு மேல் போகாத சின்ன இடத்துக்கு அந்த வரியும் கிடையாது, வாட்டும் 20-க்குப் பதில் 5 சதவீதம்தான். அவ்வளவு குறைவாக எடுத்தும் உங்கள் பில்லில் அந்த லெவியோ 20 சதவீத வாட்டோ இருந்தால் உடனே சப்ளையரைக் கேளுங்கள்.

கடைக்கு கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது புரோக்கர் சொல்கிற யூனிட் விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 'இந்த விலையில் அரசுத் திட்டச் செலவெல்லாம் அடக்கமா, இல்லை பிறகு தனியாகப் போடுவீர்களா?' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலை குறைவாகத் தெரிகிற சில கான்ட்ராக்டுகளில் இந்தச் செலவுகள் அப்புறம்தான் வந்து சேரும். வீட்டுக்கு ஃபிக்ஸ்டு டாரிஃபில் (குறிப்பிட்ட காலத்துக்கு விலையை நிர்ணயித்த திட்டத்தில்) இருப்பவர்கள், 2026 ஏப்ரல் குறைப்பு தங்கள் யூனிட் விலையில் வந்ததா என்று மார்ச் பில்லையும் மே பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் சப்ளையரிடம் முறையாகப் புகார் கொடுங்கள். எட்டு வாரம் ஆகியும் தீரவில்லை என்றால், இந்தப் புகார்களை நடுநிலையாக விசாரிக்கும் எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது, சின்னக் கடைக்காரர்களும் போகலாம்.