பிரிட்டனுக்குத் தாமதமாக விண்ணப்பிக்கிறீர்களா? முதலில் பணத்தை வங்கியில் போடுங்கள்

செப்டம்பர் முதுகலைப் படிப்புக்கு ஜூலையில் விண்ணப்பித்தாலும், இடம் காலியிருந்தால் பல பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்ளும். சிக்கல் விசாவில்தான்.

கட்டவேண்டிய மீதி முதலாண்டுக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் (அதிகபட்சம் 9 மாதத்துக்கு) தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். ஆகஸ்ட் 1 அன்று போட்டால் ஆகஸ்ட் 28 வரை. நடுவில் ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பவுண்டு விலை ஏறக்கூடும், ஆகவே சற்றுக் கூடுதலாகவே வையுங்கள். வங்கி அறிக்கையின் கடைசித் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு 31 நாளுக்கு மேல் பழையதாகக் கூடாது.

அப்பா கணக்கு என்றால் அவருடைய சம்மதக் கடிதமும் உங்கள் பிறப்புச் சான்றிதழும் தேவை. சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை இப்போதே எடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

காசநோய்ப் பரிசோதனையையும் இந்த 28 நாளுக்குள்ளேயே முடியுங்கள். சான்றிதழ் 6 மாதம் செல்லும். விசா முடிவுக்கு வழக்கமாக 3 வாரம் ஆகும். எனவே முன்பணம் கட்டுமுன், வந்து சேரவேண்டிய கடைசித் தேதியைப் பல்கலைக்கழகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். நாள் போதாதென்றால், ஜனவரிச் சேர்க்கைக்கு மாற்ற முடியுமா என்று அதே மின்னஞ்சலில் கேளுங்கள்.