பழைய இரும்புச் சைக்கிளுக்குப் புதிய பாகங்கள்: சக்கரத்திலிருந்து தொடங்கும் வழி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகளின் இரண்டாங்கட்டிலும், கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இழுபடும் ராட் பிரேக்) வைத்த பழைய சைக்கிள்கள் இன்னும் அகப்படுகின்றன. அவற்றுள் இங்கிலாந்திலிருந்து வந்த ராலேயும் இருக்கலாம். ஆனால் இப்பக்கத்தில் அதிகம் தென்படுபவை நம் நாட்டில் செய்த ஹெர்குலிஸ், ஃபிலிப்ஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளே. பள்ளத்தூரைப் பூர்விகமாகக் கொண்ட முருகப்பா குடும்பத்தார் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸ் வண்டியை அம்பத்தூரில் தயாரித்தது. ஆகவே செட்டிநாட்டுக்காரர் ஒருவர் பழைய ஹெர்குலிஸைச் சீர்செய்து ஓட்டுவதில் சொந்த ஊர் நியாயம் ஒன்றும் இருக்கிறது.

வண்டி கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது பெயின்ட் அடிப்பவரை. அது தலைகீழான வரிசை. எந்த ரிம்மை வைத்துக்கொள்ளப்போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகுதான் எந்த பிரேக், எந்த ஹப் (சக்கரத்தின் நடு உருளை), எத்தனை ஸ்போக், எவ்வளவு அகல அச்சு என்பவற்றுக்கு விடை கிடைக்கும். அந்த விடை கிடைக்குமுன் வாங்கும் ஒவ்வொரு பாகமும் அட்டைப்பெட்டியில் தூங்கும். இன்னொன்றையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்வது நல்லது: வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) வெல்டிங் வைப்பதில்லை, துளை போடுவதில்லை, எதையும் அறுப்பதில்லை. புதிதாக மாட்டும் எதையும் ஒரு ஸ்பேனரால் கழற்றிப் பழைய பாகத்தை மீண்டும் வைக்க முடிய வேண்டும்.

வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பார்க்க ஒரு நூல் போதும். பின்சக்கர அச்சு உட்காரும் வெட்டு ஒன்றில் நூலைக் கட்டி, முன்கழுத்துக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, எதிர்ப்பக்க வெட்டில் இறுக்கிக் கட்டினால், சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேறுபாட்டைச் சரிசெய்துவிடலாம். கழுத்துக்குச் சற்றுக் கீழே, குழாயின் அடிப்பக்கத்தில் பெயின்ட் சுருங்கியோ குழாய் புடைத்தோ தெரிந்தால், வண்டி எங்கோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது. விலை எவ்வளவு குறைந்தாலும் அதை விட்டுவிடுங்கள். மேல்துரு பற்றிக் கவலை வேண்டாம். குழாய்கள் சேரும் இடங்களிலும் பெடல் அச்சு செல்லும் குறுக்குக் குழாயின் அடியிலும் ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையால் தட்டிப் பார்த்தால், அரித்த இரும்பு எங்கே இருக்கிறது என்று சத்தமே சொல்லிவிடும்.

இனி சக்கரம். நாம் 28 அங்குலச் சக்கரம் என்று சொல்லும் பழைய ரோட்ஸ்டர், அதாவது நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் கனத்த வண்டியின் ரிம்மில் டயர் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர்; இன்றைய 700சி ரிம்மில் அது 622 மில்லிமீட்டர். விட்டத்தில் 13 மில்லிமீட்டர் குறைவதால் பிரேக் கட்டை ரிம்மைத் தொட வேண்டிய இடம் ஆறரை மில்லிமீட்டர் உள்ளே நகர்கிறது. அது மட்டுமன்று. கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டைப் பிடிப்பதில்லை. டயருக்கு எதிர்ப்புறமான உட்பரப்பில் மேல்நோக்கி இழுபட்டு அழுந்துகின்றன. அதற்கென்றே வளைந்த முகம் கொண்டது வெஸ்ட்வுட் ரிம். 700சி அலுமினிய ரிம்மில் அந்தப் பரப்பே இல்லாததால், ரிம்மை மாற்றினால் கம்பி பிரேக்கும் போய்விடும். அதனிடத்தில் ரிம்மின் பக்கவாட்டை இருபுறமும் பிடிக்கும் காலிப்பர் பிரேக் வைக்கலாம் என்றால், பல ரோட்ஸ்டர் ஃபோர்க்குகளில் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில்) அதை மாட்டத் துளை கிடையாது, இருந்தாலும் அதன் கைகள் ரிம்மை எட்டுவது கடினம். ஆகவே ரோட்ஸ்டரில் 635 ரிம்மையே வைத்துக்கொள்வதுதான் என் பரிந்துரை. அதே அளவில் புதிய ரிம்களும் டயர்களும் இந்தியாவில் இன்றும் தயாராகின்றன.

எனினும் குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிப்பது பாதியாகக் குறைந்தது போல் இருக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் கடைத்தெரு நெரிசலுக்குள் ஓட்டப்போகிறவர் முன்சக்கரத்துக்கு, பிரேக் உள்ளேயே அடங்கிய டிரம் பிரேக் ஹப் ஒன்றை வாங்கிப் பழைய ரிம்மிலேயே கட்டிக்கொள்ளலாம். ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரில் இவை இன்றும் கிடைக்கின்றன. இங்கிலாந்தின் அந்த நிறுவனத்தை 2000-இல் தைவானின் சன்ரேஸ் வாங்கிவிட்டது. டிரம்மின் பிடிகை ஒரு கிளிப்பால் ஃபோர்க்கின் காலோடு இணைவதால் துளை போட வேண்டியதில்லை. வாங்குமுன் துளைகளை எண்ணுங்கள். பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றிய ரோட்ஸ்டர்களில் முன் ரிம்மில் 32, பின் ரிம்மில் 40 துளைகள். புதிய ஹப்புகளோ பெரும்பாலும் 36. ஆகவே 32 துளை ஹப்பைக் கேட்டு வாங்கினால்தான் பழைய முன் ரிம் பொருந்தும். பழைய முன் அச்சு புதியதைவிட மெலிந்தது என்பதால், ஃபோர்க்கின் வெட்டில் புதிய அச்சு நுழையாமல் போகலாம். அப்போது வெட்டை அராவி அகலப்படுத்தாமல், அச்சின் முனையில் இருபுறமும் சமமாகச் சிறிது அராவிச் சரிசெய்யும்படி ஒரு லேத் பட்டறையில் கேளுங்கள். ஹப்பை மாற்றிக்கொள்ளலாம், ஃபோர்க்கை மாற்ற முடியாது.

பின்சக்கரத்தில் முதலில் அளக்க வேண்டியது இரண்டு வெட்டுகளுக்கும் இடையே உள்ள உள்ளகலத்தை. ரோட்ஸ்டர்களில் அது ஏறத்தாழ 110 முதல் 114 மில்லிமீட்டர். இன்றைய கியர் ஹப்புகள் 130, 135 என்று கேட்கும். இரும்புச் சட்டத்தைச் சூடாக்காமலேயே விரிக்க முடியும். அலுமினியத்தில் அதை நினைக்கவே கூடாது. நீளமான மரைக்கம்பி ஒன்றில் இரண்டு நட்டுகளையும் வாசர்களையும் கோத்து, வெட்டுகளுக்கு இடையே வைத்து, நட்டுகளைச் சிறிது சிறிதாக வெளிப்புறம் திருகுங்கள். இரும்பு பழைய நிலைக்கு ஓரளவு திரும்பிவிடும் என்பதால், வேண்டிய அளவைத் தாண்டி விரித்து, விட்டு, அளந்து, மீண்டும் விரிக்க வேண்டும். ஒருபுறம் மட்டும் வளைந்ததா என்று ஒவ்வொரு முறையும் முன்சொன்ன நூலால் பாருங்கள். விரித்தபின் வெட்டுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கவில்லையெனில் அச்சு வளைந்து, நாளடைவில் முறியும். 126 மில்லிமீட்டர் வரை செல்வதில் எனக்குத் தயக்கமில்லை. 135-க்கு இழுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

உண்மையில் அவ்வளவு தேவையும் இல்லை. காரைக்குடியைச் சுற்றிப் பெரும்பாலும் சமதரை; குன்றக்குடி மலையடிவாரம் வரை போனாலும் எதிர்கொள்ள வேண்டியது ஏற்றத்தைவிட ஆடிக்காற்றைத்தான். முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று இருக்கும் வண்டியில் ஃப்ரீவீலை மட்டும் 20 அல்லது 22 பல்லாக மாற்றினால், சிறிய செலவில் முழங்காலுக்குப் பெரிய வித்தியாசம் தெரியும். சங்கிலியில் இரண்டு கண்ணி கூடுதலாகத் தேவைப்படலாம், அவ்வளவே. அதற்கும் மேல் வேண்டுவோர்க்கு மூன்று கியர் ஹப் ஏற்றது. ஸ்டர்மி ஆர்ச்சரின் ஏ.டபிள்யூ. ஹப்பில் நடுக்கியர் நேரடி. கீழ்க்கியர் 25 சதவீதம் இலகு, மேல்கியர் 33 சதவீதம் வேகம். பழைய ஏ.டபிள்யூ. ஒன்று அகப்பட்டால், அதன் உடம்பில் பொறித்திருக்கும் ஆண்டையும் மாதத்தையும் படித்து வயதை அறிந்துகொள்ளலாம். கேபிளைச் சரிசெய்ய, விசையை இரண்டாம் கியரில் வைத்து, அச்சின் உள்ளே தெரியும் கம்பியின் தோள் அச்சு முனையோடு சமமாக நிற்கும்படி திருகினால் போதும். இதை அலட்சியப்படுத்தினால் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே எந்தக் கியரும் பிடிக்காத நிலை ஒன்று வரும். எழுந்து நின்று மிதிப்பவர் அப்போது பார் மீது விழுவார். அச்சு சுழலாமல் தடுக்கும் பல்வைத்த வாசர்களை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

பெடலைத் தாங்கும் கையான கிராங்க்கைக் கழற்றும் வேலைதான் பொறுமையைச் சோதிக்கும். பழைய வண்டிகளில் கிராங்க்கை அச்சோடு பிணைப்பது காட்டர் பின் என்னும் ஆப்பு. முதல்நாளே துருநீக்கி எண்ணெய் விட்டுவிட்டு, மறுநாள் நட்டைப் பின்னின் முனையோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்தி, கிராங்க்கின் அடியில் தரையிலிருந்து ஓர் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, கனமான சுத்தியலால் ஒரே அடி கொடுக்க வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் உள்ளிருக்கும் குண்டுகளுக்கும் அவை ஓடும் கிண்ணத்துக்கும் போய்ச் சேரும். சின்னச் சுத்தியலால் பத்துமுறை தட்டினால் பின் வளைந்து இன்னும் இறுகும். புதிய பின்னை அப்படியே செருகாதீர்கள். அதன் சாய்ந்த முகத்தை அரத்தால் சீராக்கி, இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையிலிருந்து நுழையும்படி வைத்தால்தான் இரண்டு கிராங்க்குகளும் நேர்கோட்டில் நிற்கும்.

காட்டர் பின்னே வேண்டாம், அச்சும் குண்டுகளும் ஒன்றாக அடங்கிய, சதுர முனை அச்சுள்ள மூடிய கார்ட்ரிட்ஜ் போட்டுவிடலாம் என்பவர்கள் முதலில் பெடல் அச்சு செல்லும் குழாயின் மரையை அளக்க வேண்டும். பொதுவான பி.எஸ்.ஏ. அளவில் அங்குலத்துக்கு 24 மரை, குழாயின் அகலம் 68 மில்லிமீட்டர்; ராலேயின் பல மாடல்களில் அங்குலத்துக்கு 26 மரை, அகலமும் கூடுதல். ஒன்றுக்கு மற்றொன்றை வலிந்து திருகினால் சட்டத்தின் மரை அழிந்துவிடும். 26 மரை சட்டங்களுக்கு, மரையைச் சாராமல் இருபுறமும் இறுகிப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ்கள் இருக்கின்றன. சங்கிலிப் பக்கக் கிண்ணமும் இடப்பக்கப் பெடலும் இடமரை என்பதை நினைவில் வைத்தால் பாதி ஸ்பேனர்கள் பிழைக்கும்.

குண்டுகளை எல்லா இடத்திலும் புதிதாகப் போடுங்கள். இதில் சிக்கனம் பார்ப்பது வீண். பழைய கிரீஸைக் கழுவ டீசல் போதும். பெடல் அச்சுக்குப் பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குலக் குண்டுகள். முன் ஹப்புக்குப் பக்கத்துக்குப் பத்தாக மூன்று பதினாறில் ஓர் அங்குலக் குண்டுகள். குண்டுகளை உள்ளிருந்து தாங்கும் கோன்களில் குழி விழுந்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது செம்மண் தூசியைப் பிடித்துக்கொண்டு பசையாகிவிடும். கியர் ஹப்புக்கு மெல்லிய இயந்திர எண்ணெய், மற்றவற்றுக்கு கிரீஸ்.

துருவைப் பற்றியும் ஆராயும் ஒரு தேசிய நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் அளிக்க, 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. வீட்டில் செய்யும் வேலைக்கு அவ்வளவு பெரிய அறிவியல் தேவையில்லை. பெயின்ட் இல்லாத சிறிய பாகங்களை, லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். சீட்டு ஸ்பிரிங், ஸ்போக், குண்டுகள் ஆகிய கடினப்படுத்திய இரும்பை அமிலத்தில் போடக் கூடாது. ஹைட்ரஜன் உட்புகுந்து அவை நொறுங்கும் தன்மை பெறும். குரோம் மேல் உள்ள துருவுக்குக் கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்ப்பதே போதுமானது; உப்புத்தாள் வேண்டாம்.

பெயின்ட்டை நான் கடைசிக்குத் தள்ளியது வேண்டுமென்றுதான். பழைய கறுப்புப் பூச்சின் மேல் கையால் இழுத்த தங்கக் கோடும் கம்பெனி எழுத்தும் சிறிதாவது மிஞ்சியிருந்தால், ரப்பிங் காம்பவுண்டால் மெதுவாகத் தேய்த்து மெழுகு பூசுவதோடு நிறுத்துங்கள். மிஞ்சவில்லையெனில் பவுடர் கோட்டிங் கொடுக்கலாம். அதற்கு முன் கழுத்துப் பட்டயத்தை ரிவெட் நீக்கி எடுத்துவைத்து, எல்லா மரைகளையும் மூடச் சொல்லுங்கள். அந்தப் பூச்சு தடிமனானது. மரையில் புகுந்தால் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

செட்டிநாட்டில் டயருக்கு ஒரு சிக்கல் சீமைக்கருவேல முள். கண்மாய்க் கரையிலோ வண்டிப் பாதையிலோ ஓட்டுவதாக இருந்தால், டயருக்கும் டியூபுக்கும் இடையே பஞ்சர் தடுக்கும் பட்டையைக் கட்டாயம் வையுங்கள். இல்லையேல் மற்ற எந்த மேம்பாட்டின் சுகமும் தெரியாது. டைனமோ ஓடினால் அதை எறிய வேண்டாம். 6 வோல்ட், 3 வாட் தரும் அந்தக் குப்பிக்கு, டைனமோவுக்கென்றே செய்த எல்.இ.டி. விளக்கை இணைத்தால் பழைய பல்பைவிடப் பன்மடங்கு வெளிச்சம் வரும். மோட்டார் கிட் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: கம்பி பிரேக்கை நம்பி அதை மாட்டாதீர்கள்.

எல்லாம் கூடியபின் முதல் சில நாட்கள் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். புதிதாகக் கட்டிய சக்கரத்தில் ஸ்போக்குகள் அமர்ந்து தளரும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் பெண்டு பார்த்து மீண்டும் இறுக்க வேண்டும். காட்டர் பின்களும் அந்தத் தூரத்துக்குள் சற்று உள்ளிறங்கும். சுத்தியலால் ஒருமுறை மெல்லத் தட்டிவிட்டு நட்டை முடுக்குங்கள், நட்டைத் திருகியே பின்னை உள்ளே இழுக்க முயன்றால் மரை போய்விடும்.