பழைய ஸ்போர்ட்ஸ் கார்: ரியர் வீலா, ஆல் வீலா? குமரியில் நாம் செய்யும் தவறுகள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கலாம் என்று வீட்டில் பேச்செடுத்த அன்றே மாமா முடிவைச் சொல்லிவிட்டார். "நம்ம ஊரு மழைக்கு நாலு வீலும் இழுக்கணும் மக்களே. பின்வீல் மட்டும் ஓடுற வண்டி வேண்டாம்."

மாமா சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வரும் வடகிழக்குப் பருவமழை இரண்டுமே குமரி மாவட்டத்துக்கு உண்டு. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலைகளில், வெயில் படாத வளைவுகள் மழை விட்டு வெகுநேரம் கழித்தும் ஈரமாகவே கிடக்கும். ஆனாலும் மழையை மட்டும் காரணமாக வைத்து, நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் வாங்குவதைத்தான் முதல் தவறு என்பேன்.

ஆல் வீல் டிரைவ் உதவுவது ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது. எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் பிரிந்து போவதால் எந்த டயரும் எளிதில் சுழன்று வழுக்காது. ஆனால் பிரேக் பிடிக்கும்போது எல்லாக் கார்களுமே நான்கு சக்கரத்தில்தான் நிற்கின்றன. அங்கே ஆல் வீலுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. கூடுதல் ஷாஃப்ட், கியர்ப்பெட்டியின் எடைதான் மிச்சம். வளைவில் எவ்வளவு வேகம் தாங்கும் என்பதையும் டயரின் பிடிதான் தீர்மானிக்கிறது. ஆபத்து எங்கே வருகிறது என்றால், ஈரச் சாலையிலும் வண்டி சுணங்காமல் வேகம் எடுப்பதால் ஓட்டுபவருக்குச் சாலை வழுக்குவதே தெரிவதில்லை. அடுத்த வளைவில் பிரேக்கை அழுத்தும்போதுதான் தெரியவரும்.

பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ரியர் வீல் என்றாலே மழையில் சுழலும் என்ற பயமும் சரியில்லை. அம்பாசடரும் மாருதி ஆம்னியும் ரியர் வீல் வண்டிகள்தான். நம் அப்பாக்கள் அவற்றை எத்தனையோ மழைக்காலம் இதே சாலைகளில் ஓட்டியிருக்கிறார்கள். அந்த எஞ்சின்களின் சக்தி குறைவு என்பதும் உண்மைதான். 2016-இல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங்கில் 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், சுமார் 400 குதிரைத்திறன். ஈர வளைவில் அதன் ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்தினால் பின்பக்கம் வெளியே போகும். ஆக, பின்சக்கரம் இழுக்கிறதா என்பதைவிட எவ்வளவு சக்தி, எந்த டயர், யாருடைய கால் என்பதே முக்கியம்.

எனக்குப் பெரிய பாடம் கற்றுக்கொடுத்தது டயர்தான். மாமா பேச்சைக் கேட்டு முதலில் ஓர் ஆல் வீல் காரைப் பார்க்கப் போனேன். பெயின்ட் பளபளப்பு, உள்ளே தோல் சீட், பின்பக்கம் இரண்டும் புத்தம்புது டயர். புது டயர் போட்டுத் தருகிறாரே என்று சந்தோஷப்பட்டு அட்வான்ஸ் கொடுக்கப் பார்த்தேன். என்னோடு வந்த தக்கலை மெக்கானிக் அண்ணன் தடுத்தார். முன்பக்க டயர் தேய்ந்திருந்தது, பிராண்டும் வேறு. வண்டியைக் காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடிக்கச் சொன்னார். யாரோ பிடித்து இழுப்பதுபோல் வண்டி குலுங்கிக் குலுங்கி நகர்ந்தது.

காரணம் சின்னக் கணக்குதான். புது டயரின் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடு) சுமார் 8 மில்லிமீட்டர் உயரம், தேய்ந்தது 3 மில்லிமீட்டர் என்று வையுங்கள். தேய்ந்த சக்கரத்தின் சுற்றளவு மூன்று சென்டிமீட்டர் குறைந்துவிடும். ஸ்போர்ட்ஸ் கார் அளவுச் சக்கரத்தில் அது ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட எட்டுச் சுற்று கூடுதல். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய்ச் சேர்வதற்குள் ஐந்நூறு சுற்றைத் தாண்டிவிடும். இந்த வித்தியாசத்தை முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸும் கிளட்சும்தான் ஓயாமல் தாங்க வேண்டும். தாங்கித் தாங்கி ஒருநாள் தேய்ந்துபோகும். அதைச் சரிசெய்யும் செலவு நான்கு டயர் விலையைவிடப் பல மடங்கு.

அதனால் ஆல் வீல் கார் பார்க்கப் போனால் முதலில் டயரைப் பாருங்கள். நான்கும் ஒரே பிராண்டு, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் 1.6 மில்லிமீட்டர் வரை தேயச் சட்டம் விட்டுவைக்கிறது. ஆனால் நம் மழைக்கு 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் மாற்றிவிடுவதே நல்லது.

அடுத்த தவறு, பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்புவது. பிஎம்டபிள்யூவில் எக்ஸ்டிரைவ் என்றால் நான்கு சக்கரம். எஸ்டிரைவ் என்றால் இரண்டு, ஆனால் எந்த இரண்டு? இசட்4-இல் பின்சக்கரம்; இரண்டாம் தலைமுறை எக்ஸ்1-இல் அதே எழுத்துக்கு முன்சக்கரம் என்று அர்த்தம். ஆடி தன் ஆல் வீலுக்கு வைத்த பெயர் குவாட்ரோ; ஆடி டிடியின் குவாட்ரோவும் பெரிய ஆடி கார்களின் குவாட்ரோவும் ஒன்றல்ல. டிடியில் எஞ்சின் குறுக்காக இருக்கிறது, பின்சக்கரத்துக்கு விசையை அனுப்புவது ஹால்டெக்ஸ் கிளட்ச். அதற்குத் தனி எண்ணெய் உண்டு, குறிப்பிட்ட இடைவெளியில் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் அழுக்கு சேர்ந்து பம்ப் போய்விடும். அப்போதும் கார் வழக்கம்போலவே ஓடும், முன்சக்கரத்தில் மட்டும். ஆல் வீலுக்கென்று பணம் கொடுத்தவர் பல மாதம் அதை அறியாமலே ஓட்டுவார். சர்வீஸ் பில்லில் அந்த எண்ணெய் மாற்றிய வரி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ரியர் வீல் வாங்குபவர்கள் விடும் பிழை வேறு. முன்னும் பின்னும் வெவ்வேறு அகலத்தில் டயர் வரும் கார்களில், உதாரணமாக முன்னால் 225 மில்லிமீட்டர், பின்னால் 255, முன்டயரைப் பின்னுக்கு இடம் மாற்றிப் போட முடியாது. பின்டயர் சீக்கிரம் தேயும், அதற்குத் தனியே பணம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். அப்புறம் வழுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்பி. சாவி போட்டதும் டாஷ்போர்டில் அதன் விளக்கு எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பழுதை மறைக்க யாரோ விளக்கைத் துண்டித்திருக்கலாம். மழை நாளில் ரியர் வீல் ஓட்டுபவரின் உயிர் அந்த ஈஎஸ்பியில் இருக்கிறது, இதில் மட்டும் தயவுசெய்து சமரசம் வேண்டாம்.

நம் மாவட்டத்துக்கென்று சிலவும் உண்டு. குளச்சல், முட்டம் பக்கம் கடலோரம் நின்ற வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, அடிப்பகுதி சட்டத்திலும் பிரேக் குழாய்களிலும் துரு இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெளியூர் வண்டி என்றால் வெள்ளம். சென்னை 2015-லும் 2023-லும், கேரளம் 2018-லும் மூழ்கின. வண்டி அப்போது எங்கே இருந்தது என்று கேளுங்கள், இன்சூரன்ஸ் க்ளெய்ம் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். ஆல் வீலில் டிரான்ஸ்பர் கேஸும் பின் டிஃபரன்ஷியலும் (பின்சக்கரங்களுக்கு நடுவே உள்ள கியர்ப்பெட்டி) தாழ்வாக இருப்பதால் உள்ளே தண்ணீர் புகுந்து எண்ணெயைக் கெடுத்திருக்கலாம். களியக்காவிளை தாண்டி வரும் கேரளப் பதிவு வண்டிக்கு என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டுச் சாலை வரி இரண்டையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வழியில் நின்றுவிட்டால் ரியர் வீல் காரைப் பின்சக்கரத்தைத் தூக்கிக் கட்டி இழுத்துப் போகலாம். ஆல் வீலை அப்படி இழுத்தால் கிளட்ச் கெடும், நான்கு சக்கரமும் ஏறும் லாரிதான் வேண்டும். அதன் எண்ணை முன்கூட்டியே போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து இது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆரல்வாய்மொழி வரை ஓட்டி மகிழ ஒரு கார் என்றால் நல்ல டயர் போட்ட ரியர் வீல் போதும். ஸ்டீயரிங்கில் சாலை கையில் பேசும் சுகம் அதில் அதிகம். பிஎம்டபிள்யூ எம்340ஐ எக்ஸ்டிரைவ் போன்ற சக்தி கூடிய காரை மழையிலும் தினமும் எடுக்க வேண்டியவர் என்றால் ஆல் வீல் நியாயமான தேர்வு, பராமரிப்புக் கணக்கு கையில் இருக்கும் பட்சத்தில். நான் கடைசியில் ரியர் வீல்தான் எடுத்தேன். முதல் மாதமே நான்கு டயரையும் மாற்றினேன். முதல் மழைக்கு மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திற்பரப்பு வரை மெதுவாகப் போய் வந்தேன்.