பழைய பேரேடு ஸ்கேன்களைக் கழிக்கும்போது: பைத்தானில் செண்ட்2டிராஷ்

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், கோனாபட்டு, கொத்தமங்கலம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பெட்டகத்தில் கிடந்த பேரேடுகளை இப்போது பலர் ஸ்கேன் செய்து வைக்கிறார்கள். ஏ4 பக்கம் ஒன்றை 300 டிபிஐயில், வண்ணத்தில், சுருக்காத டிஃப் என்ற படவகை ஃபைலாக எடுத்தால் சுமார் 26 எம்பி வரும். 200 பக்கப் பேரேடு 5 ஜிபியைத் தாண்டும். கோணலாக விழுந்தவை, மங்கியவை, இரண்டு முறை எடுத்தவை என்று கழிக்க வேண்டியதும் நிறையச் சேரும்.

கழிக்க பைத்தான் என்ற நிரல்மொழியில் நாலு வரி எழுதலாம். ஆனால் ஓஎஸ்.ரிமூவ் என்ற ஃபங்ஷன் ஃபைலைக் குப்பைத்தொட்டியில் போடாது, நேரே அழித்துவிடும். எஸ்எச்யூடில்.ஆர்எம்ட்ரீ ஃபோல்டரையே அப்படி அழிக்கும். தொட்டால் உதிர்கிற தாளை மறுபடி ஸ்கேனரில் வைக்க முடியாது என்பதால் இங்கே செண்ட்2டிராஷ் என்ற லைப்ரரியைத்தான் (பைத்தானோடு சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்) பயன்படுத்த வேண்டும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அந்தந்த சிஸ்டத்தின் சொந்தக் குப்பைத்தொட்டிக்கே அது ஃபைலை அனுப்பும். இலவசம், பிஎஸ்டி உரிமம்.

கட்டளைகளை ஒலிப்படி தருகிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். செண்ட், எண் 2, டிராஷ் மூன்றையும் இடைவெளி விடாமல் சேர்த்து எழுத வேண்டும்.

முதல் படி, நிறுவுவது. வேலைக்கென்று ஒரு ஃபோல்டர் திறந்து, அதில் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (இந்த வேலைக்கு மட்டுமான தனி பைத்தான் சூழல்) உருவாக்கி ஆக்டிவேட் செய்யுங்கள். பிறகு டெர்மினலில் "பிப் இன்ஸ்டால் செண்ட்2டிராஷ்" என்று தட்டுங்கள். பிப் என்பது லைப்ரரிகளை நிறுவும் கருவி. டெபியன் 12, புதிய உபுண்டு ஆகிய லினக்ஸ்களில் என்விரான்மென்ட் இல்லாமல் பிப் ஓட்டினால், "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்" என்று சொல்லி நிறுவ மறுக்கும். அதை வலுக்கட்டாயமாக மீறாதீர்கள். சிஸ்டத்தின் பைத்தானே கெட்டுப்போகலாம்.

இரண்டாவது, ஒரே ஒரு ஃபைலில் சோதனை. வேண்டாத படம் ஒன்றை நகல் எடுத்து, "பைத்தான் -எம் செண்ட்2டிராஷ்" என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு அதன் பெயரைக் கொடுங்கள். குப்பைத்தொட்டியைத் திறந்து அது வந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்து ரீஸ்டோர் கொடுத்து, பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டும் நடக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

மூன்றாவது, ஸ்கிரிப்ட். மேலே "ஃப்ரம் செண்ட்2டிராஷ் இம்போர்ட் செண்ட்2டிராஷ்". கழிக்க வேண்டிய ஃபைல்களை முழுப் பாதையோடு ஒரு லிஸ்டில் சேருங்கள். முதல் ஓட்டத்தில் அந்த லிஸ்டை பிரிண்ட் மட்டும் செய்யுங்கள். கண்ணால் படித்துப் பார்த்த பிறகு, பிரிண்ட் இருந்த இடத்தில் செண்ட்2டிராஷ் ஃபங்ஷனை வையுங்கள். லிஸ்டை மொத்தமாகவும் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றாகக் கொடுத்து, பிழையைப் பிடிக்கும் டிரை, எக்செப்ட் போட்டால்தான் எந்த ஃபைல் போகவில்லை என்பது தெரியும்.

தமிழில் பெயர் வைத்தவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "கோனாபட்டு" என்று ஃபைல் கண்ணெதிரே இருக்கும். ஸ்கிரிப்டோ அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று சொல்லும். யூனிகோடில் "கோ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க என்ற எழுத்தோடு முழு ஓகாரக் குறி ஒன்று, அல்லது க, இரட்டைக் கொம்பு, கால் என மூன்று துண்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் பெயரைத் துண்டுகளாகவே சேமிக்கும். அங்கிருந்து லினக்ஸுக்கோ விண்டோஸுக்கோ வந்த ஃபைலை நீங்கள் கீபோர்டில் அடித்த பெயரோடு ஒப்பிட்டால் பொருந்தாது. கொ, கோ, கௌ மூன்றிலும் இதே சிக்கல்தான். யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனால் இரு பக்கத்துப் பெயரையும் என்எஃப்சி என்ற சேர்த்தெழுதிய வடிவுக்கு மாற்றி ஒப்பிடுங்கள். ஆனால் குப்பைக்கு அனுப்பும்போது ஃபோல்டரில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் ஓஎஸ்.லிஸ்ட்டிர் தந்த பெயரை அப்படியே கொடுங்கள், மாற்றியதை அல்ல.

லினக்ஸில் குப்பைத்தொட்டியின் உள்ளே இரண்டு ஃபோல்டர் இருக்கும். ஃபைல்ஸ் என்பதில் பொருள், இன்ஃபோ என்பதில் அது எங்கிருந்து, எப்போது வந்தது என்ற குறிப்பு. குறிப்பில் தமிழ்ப் பெயர் சதவீதக் குறிகளாக மாறியிருக்கும். க என்ற ஓர் எழுத்தே ஒன்பது எழுத்தாக நீளும். பயப்பட வேண்டாம், அது சரிதான். இரண்டு பேரேட்டிலும் "பக்கம்001" இருந்தால், பின்னால் வந்தது "பக்கம்001 1" என்று பெயர் மாறி உட்காரும். எனவே ஃபைல்ஸ் ஃபோல்டரிலிருந்து கையால் இழுத்து எடுக்காதீர்கள், எந்தப் பேரேட்டின் பக்கம் என்பதே குழம்பிவிடும். ஃபைல் மேனேஜரில் குப்பைத்தொட்டியைத் திறந்து ரீஸ்டோர் கொடுப்பதே சரி.

நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ போட்டு ஸ்கிரிப்டை ஓட்டினால் ஃபைல் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். உங்கள் தொட்டியில் தேடினால் கிடைக்காது. வெளி டிஸ்க்கில் எழுத அனுமதி இல்லையென்றால் டிராஷ்பெர்மிஷன்எரர் என்ற பிழை வரும், ஃபைல் இருந்த இடத்திலேயே இருக்கும். டிஸ்க்கின் அனுமதியைச் சரிசெய்து மறுபடி ஓட்டுங்கள். அந்த எரரைப் பிடித்து, பதிலுக்கு ஓஎஸ்.ரிமூவ் எழுதுபவர்கள் உண்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

விண்டோஸில் பென் டிரைவுக்கும் நெட்வொர்க் ஃபோல்டருக்கும் அதன் குப்பைத்தொட்டியான ரீசைக்கிள் பின்னை நம்ப முடியாது. அங்கே அழித்தால் போனதுதான். முதலில் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்குக்கு நகல் எடுத்து, அங்கே கழியுங்கள். ரீசைக்கிள் பின்னுக்கும் கொள்ளளவு உண்டு. நிரம்பினால் பழையவை தானாக வெளியேறும். 5 ஜிபி பேரேட்டைத் தள்ளுவதற்கு முன், ரீசைக்கிள் பின்னின் ப்ராபர்டீஸில் அளவைப் பாருங்கள்.

குப்பைக்கு அனுப்பியதால் டிஸ்க்கில் இடம் கூடாது. நல்ல ஸ்கேன்கள் இரண்டாவது டிஸ்க்கில் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு தொட்டியைக் காலி செய்யுங்கள். லினக்ஸில் பென் டிரைவிலிருந்து கழித்தவை, அந்த பென் டிரைவிலேயே டிராஷ்-1000 போன்ற பெயருள்ள மறைந்த ஃபோல்டரில் கிடக்கும். காலி செய்யும்போது பென் டிரைவ் செருகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் கைக்கு அது போகும்போது, நீங்கள் கழித்த கணக்குப் பக்கங்களும் கூடவே போகும்.