சவுக்குச் சாம்பலில் கிளேஸ் செய்து பார்க்கும் முறை

கிளேஸ் என்பது சிலிக்கா, அலுமினா, அவ்விரண்டையும் சூளைச் சூட்டில் இளக வைக்கும் உருக்குப்பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்து பாண்டத்தின் மேல் படியும் கண்ணாடிப் படலம். வடசென்னையில் பட்டறை வைத்திருப்பவருக்கு இவற்றில் இரண்டு பக்கத்திலேயே கிடைக்கின்றன: உருக்குப்பொருளுக்குச் சவுக்குச் சாம்பல், சிலிக்காவுக்குச் செங்குன்றம் அரிசி ஆலைகளின் உமிச் சாம்பல். இங்கே சொல்லும் முறை ஏறத்தாழ 1,280 டிகிரி செல்சியஸில் சுடும் ஸ்டோன்வேர் களிமண்ணுக்கானது. 1,000 டிகிரியை ஒட்டிச் சுடும் செம்மண் பாண்டத்தில் இது சரியாக உருகாது.

ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் விறகடுப்பில் கல்யாண பிரியாணி ஆக்குபவர்களிடம் கேட்டால் சாம்பல் கிடைக்கும். ஒவ்வோர் அடுப்பின் சாம்பலும் வேறுபடும் என்பதால் ஒரே தடவையில் ஒரு மூட்டையாக வாங்கி, நன்றாகக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டில் உடைத்த பழைய படகுப் பலகையின் சாம்பல் வேண்டாம், அதில் பெயின்ட்டும் உப்பும் இருக்கும். அனல்மின் நிலையச் சாம்பலில் கன உலோகங்கள் உண்டு என்பதால் அதையும் தொடாதீர்கள்.

சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, மிதக்கும் கரியை வழித்தெடுத்துவிட்டுத் தெளிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிநீர் விரலில் வழவழவென்று படும். அது தோலை அரிக்கும் காரம், ஆகவே கையுறை கட்டாயம். இந்த நீரை எத்தனை முறை இறுத்துக் கொட்டுவது என்பதில் கலைஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கழுவாத சாம்பலின் உப்பு பாண்டத்தின் விளிம்பில் பூத்து நிற்கும். அதிகம் கழுவினாலோ உருக்கும் சக்தி குறைந்துவிடும். இரண்டு முறை போதும் என்பது என் தீர்மானம். பிறகு 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் சலித்து, மாடியில் துணி விரித்துக் காயப் போடுங்கள். கடற்காற்றின் ஈரத்தை இழுத்த சாம்பல் தராசில் பொய் எடை காட்டும் என்பதால், எடை போடும் முன் வாணலியில் ஒருமுறை சூடேற்றிக்கொள்வது நல்லது. அந்த வாணலியில் பிறகு சமைக்கக் கூடாது.

இனிதான் சோதனை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். அலுமினாவுக்கு ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமப் பொடியைச் சேர்க்கிறோம். 100 கிராம் கலவையில் சாம்பல் 90, ஃபெல்ட்ஸ்பார் 10 என்று தொடங்கி, பத்துப் பத்தாக மாற்றி, சாம்பல் 10, ஃபெல்ட்ஸ்பார் 90 வரை ஒன்பது கலவைகள் செய்யுங்கள். அவற்றைப் பூசிப் பார்க்கும் சிறு களிமண் வில்லைகள் நிமிர்ந்து நிற்க வேண்டும், ஏனெனில் படுத்த வில்லையில் கிளேஸ் எவ்வளவு வழிகிறது என்பது தெரியாது. பச்சைக் களிமண்ணிலேயே கலவையின் வரிசை எண்ணைக் கீறி, முகப்பில் சில கோடுகளையும் இழுத்துவிட்டால், கிளேஸ் எங்கே தேங்குகிறது, எங்கே மெலிகிறது என்பது தெளிவாகும். கீழ் விளிம்பில் ஒரு விரற்கடை பூசாமல் விட்டு, வழிவதைத் தாங்க அடியில் ஒரு களிமண் தட்டையும் வையுங்கள்.

சாம்பல் மிகுந்த முனையில் கிளேஸ் பச்சை சாய்ந்து ஓடியிருக்கும். ஃபெல்ட்ஸ்பார் மிகுந்த முனையில் பால்போல வெளுத்து, கெட்டியாக, மயிரிழை வெடிப்புகளோடு நிற்கும். இடைப்பட்டவற்றில் உங்களுக்குப் பிடித்த ஒன்றை நிலையாக வைத்து, அதனுடன் உமிச் சாம்பலை 10, 20, 30 கிராம் எனக் கூட்டுங்கள். சிலிக்கா கூடக் கூட ஓட்டம் அடங்கி, கண்ணாடி மங்கி வெண்மை ஏறும். உமிச் சாம்பல் தூசி நுரையீரலுக்குக் கேடு, முகமூடியில்லாமல் கையாளாதீர்கள்.

நிறத்துக்கு இரும்பு ஆக்சைடே முதலில் போதும். மின்சூளையில் 2 சதவீதம் தேன் நிறத்தையும், 8 சதவீதம் கரும்பழுப்பையும் ஒட்டி வரும். காற்றைக் குறைத்துச் சுடும் எரிவாயுச் சூளையில் 1 சதவீதமே சாம்பல்பச்சை தரும். எடை, பூச்சின் தடிமன், சூளையில் வைத்த இடம் மூன்றையும் அன்றே நோட்டில் எழுதிவிடுங்கள்.

உணவுப் பாத்திரத்தில் பூசும் முன், சுட்ட வில்லையின் மேல் ஓர் எலுமிச்சைத் துண்டை இரவு முழுதும் வைத்துப் பாருங்கள். அந்த இடம் மங்கினாலோ நிறம் மாறினாலோ அந்தக் கலவையை ஜாடிகளின் வெளிப்புறத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.